வேலையோடு பூட்டிய வீடு

நெகிரி செம்பிலானின் தம்பின், கெமென்சே, கிம்மாஸ் வட்டாரத் தோட்டங்களில் தலைமுறைகளாக ஓர் ஏற்பாடு நடந்துவந்தது. வேலை கொடுப்பவரே வீடும் கொடுப்பார். வேலை செய்பவர் அந்த வீட்டில் குடியிருப்பார். வேலை போனால் வீட்டையும் காலி செய்வார். தோட்டத் தொழிலாளர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கூலியைச் சுற்றியே நின்றுவிடுகிறது. கூலியைவிட ஆழமாக அவர்களைக் கட்டிப்போட்டது இந்தக் குடியிருப்பு விதிதான் என்பது என் கருத்து. அதற்காக இதை முழுவதும் தீமை என்று தள்ளிவிடவும் முடியாது. பால்மரக் காலத்தில் இதற்கு உறுதியான தொழில் காரணம் இருந்தது. அந்தக் காரணம் தேய்ந்த பிறகும் விதி நீடித்ததுதான் பிழை.

ரப்பர் மரத்தின் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன்பு உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கியதும் அழுத்தம் தணியும், பால் வடிவதும் குறையும். ஆகவே தோட்டத்து நாள் இருட்டிலேயே தொடங்கியாக வேண்டும். பெரட்டு என்னும் காலை ஆளெடுப்பில் பேர் போட்டு, மேற்பார்வையாளரான மண்டோர் காட்டும் நிரைக்குப் போய், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான மரங்களில் பால் வெட்டி முடித்து, பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி ஸ்டோருக்குச் சுமந்து வர வேண்டும். இரவு மழை பெய்து பட்டை ஈரமாக இருந்தால் வெட்டு இல்லை. மழை விட்டுப் பட்டை காய்ந்தால் உடனே கிளம்ப வேண்டும். இப்படிப்பட்ட வேலை நேரத்தைப் பல மைல் தள்ளி வாழ்கிறவரால் பின்பற்ற முடியாது. பேருந்தும் மோட்டார் சைக்கிளும் இல்லாத காலத்தில் நினைத்தே பார்க்க முடியாது. லயம் என்னும் தோட்ட வரிசை வீட்டில் குடியிருந்ததால் தாய் வெட்டுக்குப் போகும்போது கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட முடிந்தது. பள்ளிவயதுப் பிள்ளைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களுக்குக் கடமை விதித்ததும் அவர்கள் அங்கேயே வாழ்ந்ததால்தான். கெமென்சேயின் ரீஜண்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் கிம்மாஸ் பக்கத்துச் சுங்கை கெலாமா தோட்டத் தமிழ்ப்பள்ளியும் தோட்டத்தின் பெயரை இன்றும் சுமந்து நிற்கின்றன. கோயிலும் திருவிழாவும் மொழியும் ஓரிடத்தில் சேர்ந்து நிலைத்தது இந்த ஏற்பாட்டின் பெரிய வரவு. அதை மறைத்துவிட்டுக் குறையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் பயிர் மாறியது. 1990 வாக்கில் மலேசியாவில் செம்பனையின் பரப்பு ரப்பரைத் தாண்டிவிட்டது. செம்பனைக்கு விடியற்காலை அவசியமில்லை. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை வெட்டினால் போதும். வெட்டிய குலை தாமதமில்லாமல் ஆலைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். காலை ஏழு மணிக்குத் தம்பின் பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர் இந்த வேலையைச் செய்யத் தடையேதும் இல்லை. குடியிருப்பு விதிக்கு ஆதாரமாக நின்ற தொழில் காரணம் அங்கேயே வலுவிழந்தது. விதி மட்டும் போகவில்லை. ஏனென்றால் அதற்குள் அது வேறொரு பயனைக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. இலவச வீடு, தண்ணீர், விளக்கு என்று கணக்குக் காட்டிக் கூலியைத் தாழ்வாக வைத்திருக்க முடிந்தது. வேலையை விட நினைக்கிறவர் மனைவி மக்களோடு தெருவில் நிற்பதை நினைத்துத் தயங்கினார். மேலாளரோடு முரண்பட்டால் இழப்பது சம்பளம் மட்டுமல்ல, கூரையும்கூட என்பதால் வாயும் அடைபட்டது.

இதன் விளைவு தோட்டம் கைமாறும்போது வெளிப்பட்டது. 1951 முதல் 1960 வரை மலாயாவில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதைப் பொருளியலாளர் உங்கு அசீஸ் ஆராய்ந்து நூலாகவே எழுதினார். அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான் அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கியது பெரிய சாதனை. ஆனால் சங்கத்தின் கை எட்டாத தோட்டங்களில் நிலைமை மாறவில்லை. நிலம் விற்கப்பட்டால் வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. விற்கப்படாத தோட்டத்திலும் ஓய்வு வயது வந்தவருக்கு அதே கதிதான். அந்த வயது முன்பு பொதுவாக 55. 2013 ஜூலை முதல் தனியார் துறைக்குக் குறைந்தது 60 என்று சட்டம் சொல்கிறது. ஆயுள் முழுவதும் வாடகை கட்டாதவர் அந்த வயதில் வருங்கால வைப்புநிதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வீடு தேட வேண்டும். அவருக்கு வங்கியில் நீண்டகாலக் கடன் கிடைப்பது அரிது.

வேலைக்காரர் எங்கே வாழ வேண்டும் என்று முதலாளி சொல்லும் பழக்கம் ஏழைத் தொழிலுக்கு மட்டும் உரியதல்ல. ஒரு சிறு ஜெட் விமானத்தைப் பலர் பங்குபோட்டு வாங்கும் முறையை அமெரிக்காவில் நெட்ஜெட்ஸ் 1986இல் தொடங்கியது. அங்கே விமானிகளுக்கு வீட்டுத்தளம் என்று ஒரு விமான நிலையம் உண்டு. ஏழு நாள் பணி, ஏழு நாள் ஓய்வு என்ற சுற்றும் வழக்கத்தில் உள்ளது. நிறுவனம் அந்தத் தளத்திலிருந்து டிக்கெட் எடுத்து, விமானம் நிற்கும் ஊருக்கு விமானியை அனுப்பிவைக்கிறது. பணிக்காக நெடுந்தூரம் பயணம் செய்யும் நேரம் ஓய்வு ஆகாது என்று அந்நாட்டுப் பங்குடைமை விமான விதிகள் சொல்கின்றன. அந்த ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு. தளத்திலிருந்து தள்ளி வாழும் விமானி அங்கே வந்து சேரும் பாடு அவருடையதே. ஆனாலும் வேலை போனால் அவர் வீடு போகாது. வேலையை ஓர் இடத்தோடு பிணைப்பது வேறு, வீட்டோடு பிணைப்பது வேறு என்பது இந்த ஒப்பீட்டில் தெளிவாகிறது. நம் நாட்டுச் சட்டமும் பாதி வழி வந்திருக்கிறது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நேரும் விபத்தைச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ வேலைக் காயமாக ஏற்றுக்கொள்கிறது. பட்டணத்திலிருந்து லாரியில் ஏற்றிவரப்படும் ஒப்பந்தத் தொழிலாளியின் பயண நேரத்துக்குக் கூலி உண்டா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

வீட்டைச் சொந்தமாகக் கொடுத்தால் தொழிலாளி வீட்டை வைத்துக்கொண்டு சிங்கப்பூருக்கோ சிரம்பானுக்கோ வேலைக்குப் போய்விடுவார் என்பது நிர்வாகங்களின் வலுவான மறுப்பு. இதில் உண்மை உண்டு. புலாவ் செபாங் நிலையம்வரை கொமுட்டர் ரயில் ஓடும் இந்நாளில் சிரம்பான் எட்டாத தூரமும் அல்ல. ஆனால் ஒருவர் போய்விடுவார் என்ற அச்சமே அந்த வேலையின் கூலி போதாது என்பதற்குச் சாட்சி. ஆளை நிறுத்திவைக்க வேண்டியது கூலியின் பொறுப்பு. அதை வீட்டுச் சாவியிடம் ஒப்படைத்தது குற்றம். தோட்ட நிலம் விவசாய நிலம், அதில் தனிப்பட்டா கொடுப்பது சிக்கல் என்று இன்னொரு தடை சொல்வார்கள். இலங்கை மலையகத்தில் லயங்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கேயும் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை, பத்திரம் தருவதில் இழுபறியும் உண்டு. ஆனாலும் தோட்ட நிலத்தில் ஒரு துண்டைப் பிரித்துத் தர முடியும் என்பது அங்கே நிரூபணமாகிவிட்டது.

தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் நம் 446ஆம் சட்டம் 1990இல் வந்தது. அதன் திருத்தம் 2020 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்து, தோட்டத்தைத் தாண்டி மற்ற முதலாளிகளையும் கட்டுப்படுத்துகிறது. பொதுவிடுதியில் ஓர் ஆளுக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் படுக்கையிடம் வேண்டும் என்றுகூட விதி வந்துவிட்டது. வேலையில் இருக்கும்வரை அந்த இடம் தரமாக இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் கவனமாகப் பார்க்கிறது. இன்று செம்பனை வெட்டும் வங்காளதேசத்தவருக்கும் இந்தோனேசியருக்கும் அது தேவை. ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே உழைத்து ஓய்வுபெறும் குடிமகனுக்கு அது போதாது. தோட்டத்தில் உழைத்த ஒவ்வோர் ஆண்டும் வீட்டின் விலையில் ஒரு பங்காகக் கழிய வேண்டும். நிலத்தை விற்பவர் முதலில் அந்தப் பாக்கியைத் தீர்த்துவிட்டே விற்க வேண்டும். நெகிரி செம்பிலான் அரசு, நில வகை மாற்றத்துக்கு அனுமதி தரும்போது இதை நிபந்தனையாக எழுத வேண்டும். நிலம் மாநிலத்தின் அதிகாரத்தில் இருப்பதால் இதற்குக் கோலாலம்பூரை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை.