எந்த வாசலிலிருந்து?

விமான டிக்கெட் மாதிரி அரை உண்மையைக் கூசாமல் சொல்லும் எழுத்து வேறு கிடையாது. புறப்பாடு இத்தனை மணி, வந்து சேர்வது இத்தனை மணி. இரண்டே வரி. கதை முடிந்தது.

ஒரகடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் அங்கே ரெனோ - நிஸான் கார் ஆலை வந்தது. 2012-ல் டைம்லரின் லாரி ஆலை. படப்பை டீக்கடையில் டோக்கியோவும் ஃபிராங்க்ஃபர்ட்டும் பக்கத்து ஊர் ஆயின. 2019 அக்டோபரில் ஏ.என்.ஏ. நிறுவனம் டோக்கியோவின் நரிட்டாவிலிருந்து சென்னைக்கு நேரடி விமானமே விட்டது. அடுத்த வருஷம் கொரோனா அதை நிறுத்திவிட்டது.

சென்னை - நரிட்டா சுமார் 6,500 கி.மீ. மேப்பில் ஸ்கேல் வைத்து இழுக்கும் கோடு இல்லை இது. உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் வரும் தூரம். போக எட்டு மணி நேரம் போல ஆகும். திரும்பி வர ஒரு மணிக்கு மேல் கூடுதல். முப்பதாயிரம் அடிக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் ஜெட் காற்று, போகும்போது முதுகைத் தள்ளுகிறது. வரும்போது மார்பில் கை வைத்துத் தடுக்கிறது. டிக்கெட்டில் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

இன்னொரு சாமர்த்தியம். அதில் போடும் நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. இங்கே வாசலை விட்டு நகர்வதிலிருந்து அங்கே வாசலில் நிற்பது வரை. அதிலும் தாமதத்துக்கென்று கொஞ்சம் நிமிஷம் சேர்த்தே போடுவார்கள். லேட்டாகக் கிளம்பி, 'சரியான நேரத்தில்' இறங்குகிறீர்களே, அந்த ரகசியம் இதுதான்.

என் பெரிய புகார் வேறு. டிக்கெட்டின் கணக்கு மீனம்பாக்கத்தில்தான் தொடங்குகிறது. ஒரகடத்து எஞ்சினியர் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வரும் 35 கி.மீ. அதில் சேராது. மூன்று மணி நேரம் முன்னதாக வந்து வரிசையில் நிற்பதும் சேராது.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது பரந்தூர். 2022 ஆகஸ்ட்டில் அறிவித்த இரண்டாவது விமான நிலையம். ஸ்ரீபெரும்புதூர்க்காரருக்குத் தூரம் குறையும். மயிலாப்பூர்க்காரருக்கு 70 கி.மீ. ஆகும். டோக்கியோ அதே 6,500-தான். தூரத்தை யாரும் ஒழிக்கவில்லை. ஒருவர் தலையிலிருந்து இறக்கி இன்னொருவர் தலையில் வைக்கிறோம், அவ்வளவே.

அதற்கு 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். கிராம சபையில் திரும்பத் திரும்ப எதிர்த்துத் தீர்மானம் போட்ட ஏகனாபுரத்துக்காரருக்குத் தெரிந்த தூரம், வீட்டிலிருந்து வயலுக்கும் ஏரிக்கும் நடக்கிற தூரம். அது எந்த அட்டவணையிலும் இல்லை.

அடுத்த முறை யாராவது 'டோக்கியோ எட்டு மணி நேரம்தான் சார்' என்றால், உடனே தலையாட்டாதீர்கள். 'எந்த வாசலிலிருந்து?' என்று கேளுங்கள்.