ஒரு மலையும் பல நூல்களும்

நூல்களை வகைவகையாகப் பிரித்து அடுக்குவது நூலகத்தாரின் தேவை. வாசகன் அப்பிரிவினைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆயினும் நம்மிற் பெரும்பாலோர் ஒரே அலமாரியின் முன் நின்று வாழ்நாளைக் கழித்துவிடுகிறோம். நாவல் படிப்பவர் நாவலையே தேடுவர். பக்தி நூல் படிப்பவர் அதற்கப்பால் கை நீட்டார். மாணவரோ தேர்வுக்குரியதன்றிப் பிறிதொன்றைத் தொடார். இதனால் வரும் இழப்பு பிற ஊரார்க்குச் சிறிதாக இருக்கலாம். வண்டன்மேட்டிலும் அதனைச் சூழ்ந்த ஏலமலைகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது பேரிழப்பாகும். நாம் வாழும் மலையைப் பற்றியும், மலையேறிப் பிழைக்க வந்த நம் முன்னோர் போன்றாரைப் பற்றியும் கூறும் செய்திகள் எந்த ஒரு நூல்வகையிலும் முழுமையாக இல்லை. சங்கப் பாட்டில் சிறிது, மருத்துவர் ஒருவரின் நாவலில் சிறிது, பொறியாளரின் அறிக்கையில் சிறிது, அண்டை மொழியில் சிறிது என அவை சிதறிக் கிடக்கின்றன.

இவற்றுள் நல்ல நூலை எவ்வாறு கண்டறிவது? எந்த நூலை எடுத்தாலும் இரண்டு வினாக்களைக் கேட்டல் வேண்டும் என்பது என் கருத்து. இந்நூல் யாரைக் காண்கிறது? யாரைக் காணாது விடுகிறது? இவ்விரு வினாக்களை உரைகல்லாகக் கொண்டு சில நூல்களை இங்கு நோக்குவோம்.

வழி சொல்லும் பாட்டு

பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடியது. கூத்தராற்றுப்படை என்பது அதன் மறுபெயர். தேர்வுக்காகப் படிப்போர் அதன் உவமைகளை எண்ணிக் கொண்டு நின்றுவிடுவர். பிழைப்புக்காக மலையேறிய குடும்பத்தார் படித்தால் அதன் வேறொரு முகம் தெரியும். வறுமையுற்ற ஒரு கூட்டம் மலைவழியே போகிறது. முன்னர்ச் சென்று மீண்டவன் ஒருவன் அவர்க்கு வழி சொல்கிறான். பன்றியைப் பிடிக்க வைத்த பொறி எங்கிருக்கும், புனங்காப்போர் கவண்கல் எவ்விடத்தில் விழும், பாறை வழுக்கும் இடம் யாது, எவ்வூரில் உணவு கிடைக்கும் என்றெல்லாம் எச்சரித்து அனுப்புகிறான். முன்சென்ற உறவினர் சொல் கேட்டுக் கம்பத்திலும் போடியிலும் இருந்து மலையேறியவர்க்கு இந்தக் குரல் புதியதன்று.

பாட்டில் வரும் மலை செங்கத்தைச் சார்ந்த நன்னனது மலையேயன்றி நம் ஏலமலையன்று. அதனினும் பெரியதொரு வேறுபாடும் உண்டு. கூத்தரின் பயண முடிவில் ஒரு வள்ளல் காத்திருக்கிறான். தோட்டங்களுக்குப் புறப்பட்ட ஏழைகளுக்கோ வழி சொன்னவனே முன்பணம் தந்து கடனாளியாக்கிய கங்காணியாகவும் இருந்தான். வழியின் இடர்களையெல்லாம் கண்ட ஆற்றுப்படை, போய்ச் சேர்ந்த இடத்தின் இடரைக் காணவில்லை. அதனைக் காண நாம் வேறு வகை நூலுக்குச் செல்ல வேண்டியவராகிறோம்.

மருத்துவரின் நாவல்

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் 2007இல் தமிழுக்கு வந்தது. 2013இல் வெளிவந்த ‘பரதேசி’ திரைப்படத்துக்கு இதுவே அடிப்படை. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கறுப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் சொல்லை நம்பி 1920களில் வால்பாறைப் பக்கம் ஏறுகின்றனர். அதன்பின் கடன், காய்ச்சல், அடி, சாவு என்று கதை நடக்கிறது.

நாவலிலக்கண நோக்கில் இந்நூலிற் குறைகள் உண்டு. பாத்திரங்களின் உள்ளம் ஆழமாக வரையப்படவில்லை. பிற்பகுதியில் மருத்துவர் ஒருவர் வந்ததும் கதையின் கண் தொழிலாளியிடமிருந்து மருத்துவரிடம் சற்றே நகர்ந்துவிடுகிறது. ஆயினும் கலைத்திறன் மிக்க பல நாவல்கள் செய்யாத ஒன்றை இது செய்கிறது. கூலி எவ்வாறு கணக்கிடப்பட்டது, கடன் ஏன் தீரவேயில்லை, எந்நோய் எவ்வாறு கொன்றது என்பனவற்றை ஐயமற நிறுவுகிறது. நோயாளியை நேரில் தொட்டவரின் அறிவு அது. இதற்கு முன்னரே 1930களில் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் இலங்கைத் தோட்டத்துக்குப் போன மருதியின் கதையைச் சொல்லியிருக்கிறார். மனத்தின் வெம்மை அங்கு மிகுதி; கணக்கின் துல்லியம் இங்கு மிகுதி. ஒன்றைப் படித்தவர் மற்றதையும் படித்தல் நன்று.

அண்டை மொழியின் நாவல்

நம் பிள்ளைகளிற் பலர் மலையாளம் பயில்கின்றனர். இதனை இழப்பாக மட்டுமே கருதுவோர் உளர். வாசகன் என்ற முறையில் அதனை நான் ஒரு திறவுகோலாகக் காண்கிறேன். எஸ். கே. பொற்றேக்காட்டு 1948இல் எழுதிய ‘விஷகன்யகா’ மலையாளத்தின் சிறந்த குடியேற்ற நாவல்களுள் ஒன்று. திருவிதாங்கூரிலிருந்த நிலத்தை விற்றுவிட்டு மலபாரின் மலைக்காட்டுக்குச் செல்லும் குடும்பங்களைக் காய்ச்சலும் காட்டு விலங்கும் அழிக்கின்றன. ஆசை காட்டிக் கொல்லும் நச்சுக் கன்னியாக அங்கு மண்ணே உருவகம் பெறுகிறது.

டேனியலின் நாவலையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். கறுப்பன் கூலி தேடி வந்தவன். அவனுக்கு மண் சொந்தமாவதில்லை. பொற்றேக்காட்டின் மாந்தர் மண் தேடி வந்தவர். மண்ணே அவர்களை விழுங்குகிறது. இடுக்கி மலைகளில் இவ்விருவகைக் குடியேறிகளும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். 1956இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. எல்லையைப் பற்றிய மனக்கசப்பு இருபாலும் நெடுநாள் நீடித்தது. அக்கசப்புக்கு இடையே, வேலிக்கு அப்பால் இருப்பவனும் காய்ச்சலில் மனைவியையோ மகவையோ இழந்து வந்தவனாக இருக்கக்கூடும் என்பதை உணர்த்தும் ஆற்றல் அரசியல் உரைகளுக்கு இல்லை; நல்ல நாவலுக்கு உண்டு.

பொறியாளரின் வரலாறு

இலக்கிய வாசகர் எவரும் எளிதில் தொடாத நூல் ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1887இல் தொடங்கி 1895இல் திறக்கப்பட்ட பெரியாற்றணையின் வரலாற்றை, அப்பணியில் ஈடுபட்ட பொறியாளர் ஏ. டி. மெக்கென்சி ஆங்கிலத்தில் எழுதினார். அது 1899இல் சென்னையில் வெளியாயிற்று. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த அளவு, வெள்ளம் உடைத்த கரை, சுரங்கம் குடைந்த விதம் என்பன அதன் பொருள். தேனியும் மதுரையும் சிவகங்கையும் இராமநாதபுரமும் இம்மலையின் நீரால் விளைந்த கதை அதுவே. நம் முன்னோரிற் பலர் விட்டுவந்த வயல்களுக்குப் பாய்ந்தது இந்நீர்தான் என்று எண்ணும்போது வறண்ட அறிக்கையும் ஈரம் பெறுகிறது.

ஆயின் இந்நூல் கல்லையும் நீரையும் கண்ட அளவுக்கு மனிதரைக் காணவில்லை. கூலியாட்கள் இங்குப் பெரும்பாலும் எண்களாகவே வருகின்றனர். பெயர் பெறுவோர் அதிகாரிகள். அணையருகே உள்ள கல்லறைகள் சொல்வதை நூல் முழுதும் சொல்லவில்லை. அவ்வெற்றிடத்தை நிரப்பும் முயற்சியாகவே, ஆனந்த விகடனில் தொடராக வந்த அ. வெண்ணிலாவின் ‘நீரதிகாரம்’ நாவலை நான் காண்கிறேன். அறிக்கையைப் படித்தபின் நாவலைப் படிப்பவர்க்கு, ஆவணம் எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும். அந்த வேறுபாட்டை அறிவதே நல்ல வாசிப்பின் ஒரு பாதி.

அகராதியும் பாட்டும்

அகராதியைப் படிக்கும் நூலாக எவரும் எண்ணுவதில்லை. கி. ராஜநாராயணன் 1982இல் வெளியிட்ட கரிசல் வட்டாரச் சொல்லகராதியைப் புரட்டுவோர் அக்கருத்தை மாற்றிக் கொள்வர். கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களில் பாட்டி பேசும் சொல் பேரப்பிள்ளைக்கு விளங்காமற் போகும் காலம் இது. பள்ளித் தமிழிலும் அச்சொல் இல்லை, மலையாளத்திலும் இல்லை. அது பிழையன்று, ஒரு மண்ணின் செல்வம் என்று அச்சேறிய பக்கம் சாட்சி சொல்லும்போது பிள்ளைக்குப் பாட்டியின்பால் மதிப்பு உயர்கிறது.

அவ்வாறே இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலையும் சொல்லலாம். நாவலாசிரியரும் பொறியாளரும் எட்டாத இடத்தை, கொழுந்து கிள்ளும் பெண்ணின் வாய்ப்பாட்டு எட்டுகிறது. அச்சில் இசை இல்லை என்பது அதன் குறை. வீட்டில் முதியோர் ஒருவர் பாடிக்காட்டினால் அக்குறையும் நீங்கும்.

நூல் நம்மைத் தேடி வர

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் என்பன அவற்றுள் இரண்டு. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. மாட்டுவண்டி சென்ற வழியில் ஜீப்பு செல்லாதா? நாள்தோறும் கம்பமெட்டு ஏறி ஆட்களைக் கொண்டுவரும் ஜீப்புகளில், மாதம் ஒருமுறை ஒரு பெட்டி நூலும் ஏறலாம். கேரளத்தின் சிற்றூர் நூலகங்கள் புகழ் பெற்றவை. அவற்றில் ஒரு தமிழ் அலமாரி கேட்டுப் பெறுவதும், நம் பிள்ளைகளை மலையாள அலமாரிக்கு அழைத்துச் செல்வதும் ஒரே பணியின் இரு பகுதிகள்.

இறுதியாக ஒன்று. தேயிலைக்கு வாய்த்த அளவு இலக்கியம் ஏலத்துக்கு வாய்க்கவில்லை. லெனின் பாரதி இயக்கி 2018இல் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ திரைப்படம், ஏலமூட்டை சுமந்து மலையிறங்கும் ரங்கசாமியின் துண்டு நிலக் கனவைக் காட்டி, எழுத்தாளர் பலரை முந்திக்கொண்டது. ஏலச்செடியின் அடியில் அமர்ந்து காய் எடுக்கும் பெண்ணின் நாளை, அட்டைக்கடியும் மழையும் கைக்கறையுமாக, அவளே எழுதிய நூல் நம் அலமாரிக்கு வரவேண்டும். அதனை எழுதப் போகிறவர் இம்மலரைக் கையில் வைத்திருக்கும் ஏதேனும் ஒரு வீட்டில் இன்று பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம். அப்பிள்ளையின் கைக்கு ஒரே வகை நூலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.