வெள்ளைப் பந்து போய் நிற்கும் இடம்

51–74, 65–41, 10–71, 78–20, 68–60. 2025 நவம்பரில் தோஹாவில் நடந்த உலக மகளிர் ஸ்னூக்கர் இறுதியாட்டத்தின் புள்ளிகள் இவை. முதலில் இருப்பவை சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரனுடையவை. எதிரே ஆடியவர் ஹொங்கொங்கின் இங் ஒன் யீ. மூன்று பிரேமுக்கு (சுற்றுக்கு) இரண்டு என்று அனுபமா வென்றார். சர்வதேச பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் சம்மேளனத்தின் பதினைந்து சிவப்புப் பந்து ஆட்டத்தில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்.

இந்த வரிசையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது மூன்றாவது பிரேமில். 10–71 என்றால் அந்தப் பிரேமின் பெரும்பகுதியை அவர் கதிரையில் உட்கார்ந்தே கழித்திருக்க வேண்டும். ஸ்னூக்கரில் எதிராளி ஆடும்போது நமக்குச் செய்ய எதுவுமே இல்லை. கிரிக்கெட்டில் பந்தை விரட்டி ஓடவாவது முடியும். இங்கே கியூக் கோலைப் பிடித்தபடி, தன் தோல்வி பந்து பந்தாக உருவாவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அப்படி இருந்து எழுந்தவர், அடுத்த பிரேமை 78–20 என்று எடுக்கிறார். உட்கார்ந்திருந்த நேரத்தில் கையும் இறுகவில்லை, மனமும் கலங்கவில்லை. கடைசிப் பிரேமில் வித்தியாசம் எட்டே புள்ளி. மேசையில் ஆக விலையுயர்ந்த பந்தான கறுப்புக்கு ஏழு. அதாவது ஒரு கறுப்புப் பந்துக்குச் சற்று மேலான இடைவெளியில் உலகப் பட்டம் தீர்மானமாகியது.

இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்ப்பவர்கள் பொக்கட்டில் விழும் பந்தைத்தான் பார்ப்பார்கள். அது இயல்பு. ஆனால் ரசனை தொடங்குவது கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்தைப் பின்தொடரும்போது. சிவப்பு விழுந்தபின் வெள்ளை எங்கே போய் நிற்கிறது? அங்கிருந்து கறுப்பு கிடைக்குமா? கறுப்பை விழுத்தினால் அடுத்த சிவப்புக்கு வழி இருக்குமா? வெள்ளையின் நடுவில் அடித்தால் மோதிய இடத்திலேயே நிற்கும். மேலே அடித்தால் முன்னே உருளும். கீழே அடித்தால் பின்னோக்கி வரும். பக்கவாட்டில் சுழற்சி கொடுத்தால் மேசையோரக் குஷனில் பட்டபின் கோணம் மாறும். பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி அகலம் கொண்ட மேசையில், இந்த நாலு தொடுகையையும் கலந்துதான் எல்லாமே நடக்கிறது. பலத்துக்கு இதில் பங்கு குறைவு. எவ்வளவு மெதுவாக அடிப்பது என்று அறிந்த கைக்குத்தான் மதிப்பு.

மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். விரல் இந்தக் கொழுந்தைக் கிள்ளும்போதே கண் அடுத்த செடிக்குப் போய்விடும். நல்ல ஸ்னூக்கர்க்காரியும் இப்போது அடிக்கும் பந்தை முடிந்துபோனதாக வைத்துக்கொண்டு, மூன்றாவது பந்தை யோசிக்கிறாள்.

இங் ஒன் யீ சாதாரண எதிராளி அல்ல. 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் உலக மகளிர் சாம்பியன். அதில் 2017 பட்டம் சிங்கப்பூரில், இன்னொரு இந்தியப் பெண்ணான வித்யா பிள்ளையிடமிருந்து 6–5 என்ற கணக்கில் பறித்தது. பதினொரு பிரேம் ஆடி, பதினொன்றாவதில் தோற்ற வித்யாவை நான் தோற்றவராக எண்ணவில்லை. அத்தனை தூரம் அந்தக் கையோடு ஈடுகொடுத்தது தனிப் பெருமை. எட்டு ஆண்டு கழித்து அதே எதிராளி, மறுபடியும் கடைசிப் பிரேம். இம்முறை முடிவு மாறியது.

இவர்களுக்கு முன்னால் பெங்களூரின் சித்ரா மகிமைராஜ். 2006இலும் 2007இலும் உலக மகளிர் பில்லியர்ட்ஸ் சாம்பியன். பிறகு ஸ்னூக்கரில் மூத்தோர் பிரிவிலும் உலகப் பட்டம். இரண்டையும் ஒருவர் ஆடுவது எளிதல்ல. பில்லியர்ட்ஸில் மேசை மேல் மூன்றே பந்து. பந்தை விழுத்தலாம், தன் பந்தையே மற்றதில் படவைத்து விழுத்தலாம், இரண்டையும் தொட்டுப் புள்ளி எடுக்கலாம். ஸ்னூக்கர் பந்துகளைத் தீர்த்துக்கொண்டே போகும் ஆட்டம். பில்லியர்ட்ஸிலோ பந்துகள் தீர்வதே இல்லை. அதே மூன்றையும் கலையாமல் வைத்துக்கொண்டு நூறு, இருநூறு என்று சேர்க்க வேண்டும். எனக்கு பில்லியர்ட்ஸ்தான் ஒரு படி மேல். பார்க்க ஆள் குறைவு என்பது அதன் குற்றமல்ல.

இலங்கை மலையகத்தின் தெமோதரையில் இருந்துகொண்டு இதைக் கொண்டாடுவது சிலருக்கு விநோதமாகப் படலாம். வெளியூர்க்காரர்கள் இங்கே ரயில் வளைந்து வந்து தன் பாதைக்குக் கீழேயே நுழைவதைப் பார்க்க வருகிறார்கள். ஆனால் ஸ்னூக்கர் தேயிலை மலைக்கு அந்நியமல்ல. 1875இல் ஜபல்பூரில் பிரித்தானிய இராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் தொடங்கிய ஆட்டத்துக்கு, 1882இல் ஊட்டி கிளப்பில்தான் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. ஊட்டி இருப்பது, 1964 ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட எங்கள் சொந்தங்கள் பலர் போய்ச் சேர்ந்த அதே நீலகிரியில். இங்கேயும் தோட்டத் துரைமாரின் கிளப்புகளில் மேசை இருந்தது. 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் பில்லியர்ட் அறை உண்டு; ஆண்களுக்கு மட்டுமான மதுச்சாலையும் இருந்தது. தோட்ட லயத்துப் பிள்ளை அந்தப் பில்லியர்ட் அறைக்குள் போனால், துடைக்கவும் புள்ளி எழுதவும்தான். கொழும்பின் எம். ஜே. எம். லாபிர் 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்று, எந்த விளையாட்டிலும் இலங்கையின் முதல் உலக சாம்பியன் ஆனார். அந்தப் பெருமை மலைக்கு ஏறி வரவேயில்லை.

வரவேண்டும் என்று விரும்புகிறேன். முழு அளவு மேசைக்கு ஏறத்தாழ 22 அடிக்கு 16 அடி அறை தேவை. கல் பலகை என்பதால் தளம் உறுதியாக இருக்க வேண்டும். கம்பளித் துணி ஈரம் குடித்தால் பந்து தளர்ந்து ஓடும். பெரிய போட்டிகளில் மேசைக்கு அடியில் சூடேற்றுவது அதற்காகத்தான். பதுளைப் பக்கத்துப் பனியில் அது இன்னும் அவசியம். புதிதாகக் கட்டவும் தேவையில்லை. மேசையோடு பூட்டிக் கிடக்கும் அறை எந்தக் கிளப்பில் இருந்தாலும், வாரத்தில் இரண்டு மாலை பாடசாலைப் பெண் பிள்ளைகளுக்குத் திறந்து விடட்டும். முதல் ஆறு மாதம் பொக்கட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெள்ளைப் பந்தைச் சொன்ன இடத்தில் நிறுத்தப் பழக்கினால் போதும்.