வேனில் வரும் ஊழியம்

மே மாதம் வந்தால் பட்டாபிராம், ஆவடிப் பக்கத்துச் சபைகளின் வாலிபர் ஐக்கியங்கள் வேன் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடும். திருவள்ளூர் தாண்டி ஏதாவது ஓர் இருளர் குடியிருப்பு. மருத்துவ முகாம், பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை, மதியம் பிரியாணிப் பொட்டலம். அமெரிக்கச் சபைக் குழுக்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வருவதும் இதே வகைதான். விமானச் செலவு மட்டும் கூடுதல்.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்து, வரவே வராதீர்கள் என்று 1968-இல் மெக்சிகோவில் பேசினார் இவான் இலிச். அவரே கத்தோலிக்கக் குரு. எனக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை. கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது, சொத்தைப் பல்லைப் பிடுங்குவது, சிரங்குக்கு மருந்து போடுவது எல்லாம் ஒரே நாளில் முடிகிற உண்மையான உதவிகள்.

சிக்கல் ரத்த அழுத்தத்தில் தொடங்குகிறது. வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் மேஜை போட்டு, கிழவியின் கையில் பட்டையைச் சுற்றுகிறார்கள். 170 காட்டுகிறது. பத்து மாத்திரை உள்ள ஓர் அட்டை கொடுத்து அனுப்புகிறார்கள். பதினோராம் நாள்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இதே மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கிழவியின் பெயரை அந்தப் பட்டியலில் ஏற்றிவிட்டு வந்தால் போதும். அதற்குக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். நம் ஆட்கள் ஃப்ளெக்ஸ் அடிக்கத்தான் முன்கூட்டியே ஓடுகிறார்கள்.

தமிழ்ச் சபைகளுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி உண்டு. 1902-இல் யாழ்ப்பாணம் போன, பின்னாளில் பிஷப்பான வி.எஸ். அசரியா, அங்குள்ள கிறிஸ்தவர்கள் கடல் தாண்டித் தொண்டிக்கு ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். மறு ஆண்டே அவர் முயற்சியில் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்பது அதன் விதி. அதன் சார்பில் 1904-இல் தோர்ணக்கல்லுக்குப் போன சாமுவேல் பாக்கியநாதன் தெலுங்கு கற்று அங்கேயே தங்கினார். தங்கியவருக்குத்தான் ஊரின் தேவை தெரியும். வந்துபோகும் குழு அவர் சொல்கிற வேலையைச் செய்துவிட்டுத் திரும்பலாம்.

அந்த வழியும் குறையில்லாததல்ல. மதமாற்றம் பற்றி 1930-களில் காந்திக்கும் அசரியாவுக்கும் கடுமையான பிணக்கு இருந்தது. அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. மாத்திரைக்காக வரிசையில் நிற்பவரை முதலில் ஜெபத்துக்கு உட்காரச் சொன்னால், மாட்டேன் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? ஜெபம் வேண்டுமென்றால் வேறொரு நாளில் வைத்துக்கொள்ளட்டும். போர்வையை நீட்டியபடி படம் எடுப்பதையும் நிறுத்தலாம்.

செங்கல் சூளைக்கும் ஊருக்குமாக அலைகிற இருளர் பலருக்கு முதல் தேவை பழங்குடிச் சான்றிதழும் மனைப் பட்டாவும். அதற்கு வேன் வேண்டாம். தாலுகா ஆபீஸ் நடைமுறை தெரிந்த இரண்டு பேர் வேலை நாளில் லீவு போட்டு, மாதக்கணக்கில் அலைய வேண்டும். நான் பார்த்த சபை ஆண்டறிக்கைகள் எதிலும் அந்தப் பஸ் செலவுக்கென்று ஒரு வரிகூட இல்லை.