குரல் நடுவில் நிற்க வேண்டும்

மலிவான பொருளில் நயம் இருக்காது என்பது நம்மில் பலருக்கு ஊறிப்போன எண்ணம். நல்ல இயர்போன் ஒன்று அந்த எண்ணத்தை முதல் பாட்டிலேயே உடைத்துவிடும். ஆற்காட்டிலிருந்து கலவைக்கு வரும் பேருந்திலும், விடிவதற்குள் ஊர் ஊராக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனிக்குப் போகும் வண்டியிலும் காதில் ஒயர் தொங்காதவர் குறைவு. வீட்டு வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் நடுவே பலருக்குத் தமக்கென்று கிடைப்பது அந்தப் பயண நேரம் மட்டுமே. அந்த நேரத்துப் பாட்டு முழு அழகோடு காதில் விழ வேண்டும். அதற்கு ஆயிரம் ஆயிரமாகக் கொட்ட வேண்டியதில்லை. எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தால் போதும்.

2017ஆம் ஆண்டில் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தார். கீழ்ச்சுருதி முதல் மேல்சுருதி வரை ஒவ்வொன்றும் எதை எவ்வளவு உரக்கத் தருகிறது என்று வரைகோடு எடுத்து, அதைக் கடை விலையோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பே தென்படவில்லை. விலை ஏறினால் பெட்டி பளபளக்கும், வெளிச்சத்தத்தை அடக்கும் வசதி வரும், பெயர் பெரிதாகும். பாடகரின் குரல் அவர் குரலாகவே கேட்கும் என்பதற்கு மட்டும் அந்த விலை உறுதி தராது.

தோல் தொழில் பார்க்கும் இந்தப் பக்கத்து மக்களுக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டாம். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலைத் தரம் பிரிப்பவர் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறார், விரலால் தடவுகிறார், மடக்கி விடுகிறார். உண்ணி கடித்த தழும்பும் உரிக்கும்போது கத்தி பட்ட இடமும் அவர் விரலுக்குத் தப்பாது. இயர்போன் வாங்கவும் அந்தப் பழக்கமே வேண்டும். விரல் செய்யும் வேலையை இங்கே காது செய்கிறது.

முதலில் காதின் மேல் உட்காரும் பஞ்சு வகையைப் பார்க்கலாம். அதற்கு ஓர் அழகான வரலாறு இருக்கிறது. ஹெட்போன் என்றால் காதை அடைத்து மூடும் கனத்த கிண்ணம் என்றிருந்த காலத்தில், 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் ‘எச்டி 414’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. மஞ்சள் பஞ்சு காதின் மேல் மெத்தென்று படிந்திருக்க, பின்பக்கம் திறந்தே இருந்தது. ஒலி கிண்ணத்துக்குள் அடைபட்டு முழங்காமல் வெளியே போக வழி கிடைத்ததால் பாட்டு தலைக்குள் நெரிபடாமல் சுற்றிலும் பரவிக் கேட்டது. 1979 ஜூலையில் சோனி தன் வாக்மேனை ஜப்பானில் விற்பனைக்கு விட்டபோது அதனுடன் வந்த ஹெட்போனின் எடை சுமார் 50 கிராம்தான். மெல்லிய உலோகப் பட்டையும் இரண்டு ஆரஞ்சு நிறப் பஞ்சும் சேர்ந்து, நடந்துகொண்டே பாட்டுக் கேட்பதை உலகுக்கே பழக்கிவிட்டன.

அந்த வழியில் வந்ததுதான் 1984இல் அமெரிக்காவின் காஸ் நிறுவனம் செய்த ‘போர்ட்டா ப்ரோ’. நாற்பது ஆண்டு கடந்தும் ஏறக்குறைய அதே உருவத்தில் விற்கிறது. ஒரு பொருளை அத்தனை காலம் மாற்றத் தேவையில்லாமல் வைத்திருப்பது எது என்று கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். மடக்கினால் உள்ளங்கையில் அடங்கும். காதுக்குச் சற்று மேலே, கன்னப்பொறியில் பட்டும் படாமலும் தொட்டு நிற்கும் சிறு பஞ்சுத் திண்டு ஒன்று இருக்கிறது. பட்டையின் இறுக்கத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்வதால் காது மடல் வலிப்பதில்லை. அந்த இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் பக்கவாட்டில் ஒரு சிறு விசையும் உண்டு. விலை குறைந்த பொருளில் இவ்வளவு யோசனை!

இதே நிறுவனத்தின் ‘கேஎஸ்சி 75’ இன்னும் எளியது. அதற்குத் தலைப்பட்டையே கிடையாது. ஒவ்வொரு பக்கமும் காதில் கொக்கியாக மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பூ நசுங்காது. பின்னல் கலையாது. அமெரிக்காவில் இதன் விலை 20 டாலரை ஒட்டித்தான் இருந்துவந்திருக்கிறது.

பஞ்சை இவ்வளவு பாராட்டக் காரணம் நம் வெயில். காதை மூடும் பெரிய ஹெட்போன்களில் தோல் போலத் தெரியும் திண்டு, துணியின் மேல் பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல். வேலூர் வட்டாரத்துக் கத்திரி வெயிலில் அதை மாட்டிக்கொண்டால் சற்று நேரத்தில் காதோரம் வியர்வை வழியும். அந்த ஈரமும் சூடும் சேர்ந்து பூச்சைச் சிதைக்கும். நாளடைவில் கருப்புச் செதிலாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். அசல் தோலில் நார்கள் பின்னிக் கிடக்கும், நுண்துளைகள் ஈரத்தை வெளியே விடும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலைத் தொட்டு வளர்ந்த கைக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும். மலிவு விலையில் அசல் ஆட்டுத்தோல் திண்டு கிடைக்காது. எனவே இந்த விலையில் பஞ்சே மேல். காற்று போகும், நைந்துபோனால் சொற்ப விலையில் மாற்றிக்கொள்ளலாம்.

பஞ்சு வகைக்கு ஒரு குறை உண்டு. பின்பக்கம் திறந்திருப்பதால் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும், நம் பாட்டும் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்கும். திண்ணையில் உட்கார்ந்து கேட்கவும், சாலையோரம் நடக்கும்போது வண்டிச் சத்தம் காதில் விழவும் இது நல்லது. பேருந்து இரைச்சலில் கேட்பதற்குக் காதுத் துளைக்குள் செருகும் வகையே ஏற்றது.

அந்த வகையின் நயம் முழுக்க அதன் முனையில் இருக்கும் சிலிக்கான் ரப்பரில் இருக்கிறது. டப்பாவுக்குள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி வரும். பலர் மாட்டியிருக்கும் ஜோடியைக் கழற்றிக்கூடப் பார்ப்பதில்லை. ரப்பர் காதுத் துளையோடு இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் பாஸ் என்னும் கீழ்ச்சுருதி நிற்கும். முடியளவு கசிவு இருந்தாலும் பாஸ் ஓடிவிடும், மிச்சம் இருப்பது கிரீச்சென்ற மேல்சுருதி மட்டும். பொருந்தியிருக்கிறதா என்று அறிய எளிய வழி இருக்கிறது. மாட்டிக்கொண்டு உங்கள் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் குரல் உங்களுக்குள்ளேயே முழங்கினால் பொருத்தம் சரி. வலக் காதும் இடக் காதும் ஒரே அளவில் அமையாதவர்கள் உண்டு. அவர்கள் ஒரு பக்கம் நடுத்தரமும் மறுபக்கம் பெரியதும் போட்டுக்கொள்வதில் தவறே இல்லை.

கண்ணுக்கு எளிதில் படாத இன்னொரு நுணுக்கம், இயர்போனின் உடலில் ஊசிமுனை அளவில் இருக்கும் துளை. உள்ளே முடியைவிட மெல்லிய ஒரு சவ்வு முன்னும் பின்னும் அதிர்ந்துதான் ஒலி பிறக்கிறது. அடைபட்ட காற்று அந்தச் சவ்வை நெருக்காமல் இருக்கவே அந்தத் துளை. விரலோ அழுக்கோ அதை மூடிவிட்டால் பாஸின் அளவே மாறிவிடும்.

2022இல் சீனாவிலிருந்து வந்த ‘மூன்ட்ராப் சூ’, ‘செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ’ இரண்டும் இந்த விலைக்கு ஒரு புதிய அளவுகோலை வைத்தன. 20 டாலர் விலை, 10 மில்லிமீட்டர் சவ்வு ஒன்று, அவ்வளவுதான். திறந்த காதே இயற்கையாக 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது. காதை அடைத்துவிட்டால் அந்தத் தூக்கல் போய்விடும். அதை இயர்போனே ஈடுகட்ட வேண்டும். கூட்டினால் குரல் குத்தும், குறைத்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுவதாகக் கேட்கும். பாஸை ஊதிப் பெருக்கியே விற்ற மலிவு விலைச் சந்தையில் இந்த இரண்டும் அந்த ஈடுகட்டலைக் கவனமாகச் செய்திருந்தன. இரண்டாவதில் ஒயரைத் தனியே கழற்றி மாற்றவும் முடியும்.

இனி, காதால் தரம் பிரிக்கும் வேலை. முதல் சோதனைக்கு டி.எம்.சௌந்தரராஜனோ பி.சுசீலாவோ பாடிய அறுபதுகளின் பாட்டு ஒன்று போதும். அவை மோனோ பதிவுகள். இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் போகிறது. ஆகவே குரல் இரு புருவத்துக்கும் நடுவே, அசையாமல் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இயர்போனின் இரு பக்கமும் சமமில்லை, அல்லது ஒரு பக்கத்து ரப்பர் சரியாகப் பொருந்தவில்லை. பொருத்திப் பார்த்தும் சாய்ந்தால் அந்த ஜோடியைத் தொடவே வேண்டாம். அதே பாட்டில் ழகரமும் ளகரமும் பிரிந்து கேட்கிறதா, சகரம் சீறாமல் வருகிறதா என்றும் பாருங்கள். அந்தப் பாடகர்கள் சொல்லைச் சுத்தமாக உச்சரித்தவர்கள். மங்கல் தெரிந்தால் குறை கருவியில் இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்து நிலாப் பாட்டு. தொடக்கத்தில் சந்திரசேகர் வாசித்த கிடாரில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக மீட்டப்பட்டு, ஒன்றன் அதிர்வு அடங்குமுன் அடுத்தது எழும். மோசமான இயர்போனில் அது ஒரே கலகலப்பாகக் கேட்கும். நல்லதில் விரல் தந்தியைத் தொட்ட கணமும் அது ஓய்ந்த கணமும் வேறு வேறாகத் தெரியும். அடியில் நடக்கும் பாஸ் கிடார் ஒரு தனி மெட்டாகப் பின்தொடர வேண்டும். வெறும் ‘தும் தும்’ என்று கேட்டால் அது பாஸ் அல்ல, வீக்கம்.

மூன்றாவது சோதனை இந்த மண்ணுக்கே உரியது, தெருக்கூத்து. செய்யாற்றுப் பக்கம் புரிசை தொடங்கி இந்த வட்டாரமெங்கும் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களில் விடிய விடியக் கூத்து கேட்டு வளர்ந்த காதுகள் இங்கே உண்டு. கூத்தில் ஒலிக்கும் முகவீணை, சீவாளி வைத்து ஊதும் சிறு குழல். அதன் குரல் கூர்மையானது, கூட்டத்தின் இரைச்சலைத் துளைத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போகும். அந்தக் கூர்மை இருக்க வேண்டும், ஆனால் காதைக் கிழிக்கக் கூடாது. தாளத்தின் ‘ஜல்’ ஒலி சட்டென்று அறுந்துபோகாமல் மெல்லத் தேய்ந்து மறைய வேண்டும். ஆர்மோனியமும் கூத்தாடியின் கட்டைக் குரலும் ஒன்றையொன்று விழுங்காமல் இருக்க வேண்டும். செல்போனில் எடுத்த கூத்துப் பதிவைக்கூடச் சலிப்பில்லாமல் நெடுநேரம் கேட்க வைக்கும் இயர்போன் எந்தப் பாட்டையும் நன்றாகத் தரும்.

ஒயரிலும் நயம் இருக்கிறது. சட்டையில் உரசும்போது ‘கரகர’ என்று காதுக்கு வந்தால் அது விறைப்பான ஒயர். மெத்தென்ற ஒயரே நல்லது. காதுக்கு மேலாகச் சுற்றிப் போட்டால் உரசல் சத்தம் குறையும், ஆனால் ஜிமிக்கி போட்டவருக்கு அது மாட்டும். அவர்கள் நேராகத் தொங்கும் வகையை எடுப்பது நல்லது. செல்போனில் செருகும் ‘பின்’ வளைந்த வகையாக இருந்தால் பாக்கெட்டில் செல்போன் இருக்கும்போது அந்த இடத்தில் ஒயர் எளிதில் ஒடியாது. பின் போகும் துளை இல்லாத செல்போனுக்கு டைப்-சி கன்வெர்ட்டர் வேண்டும். சில மலிவான கன்வெர்ட்டர்களில் ஒலியை மாற்றும் சில்லு இருக்காது, அவை எல்லாப் போனிலும் வேலை செய்யாது. கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். புளூடூத் நெக்பேண்டும் இயர்பட்ஸும் வசதிதான். ஆனால் அவற்றின் பேட்டரிக்கு வயது உண்டு. அது ஓய்ந்தால் நன்றாக இருக்கும் ஒலிக்கருவியும் சேர்ந்து குப்பைக்குப் போகும். குறைந்த செலவில் நெடுநாள் உழைப்பது ஒயர் வகையே.

பொருத்தமான ரப்பரின் பெரிய நன்மை ஒன்று பாக்கி இருக்கிறது. அது வெளிச்சத்தத்தைத் தடுப்பதால் ஒலியளவைக் கூட்டத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. 90 டெசிபெல் என்றால் அது வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. இயந்திர இரைச்சலில் நாள் முழுதும் நிற்பவரின் காது ஏற்கெனவே களைத்திருக்கும். அதன் மேல் பாட்டையும் உரக்க வைத்தால் போன செவித்திறன் திரும்ப வராது.

ஆகவே என் தீர்ப்பு இது. பேருந்துப் பயணத்துக்கு, இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிச் செலவு செய்ய முடிந்தால், ஒயர் கழற்றி மாற்றக்கூடிய காதுக்குள் செருகும் வகை. வீட்டில் கேட்கவும் வெயிலில் நடக்கவும் பஞ்சு வைத்த திறந்த வகை. சில நூறு ரூபாய்தான் கையில் இருக்கிறது என்றால் மூன்று அளவு ரப்பரும் வளைந்த பின்னும் உள்ள ஒயர் இயர்போன். டப்பாவில் பெரிதாக அச்சடித்த பாஸ் பெருமையைப் பார்க்காதீர்கள். “அண்ணா, என் பாட்டைப் போட்டுக் கேட்டுட்டு எடுத்துக்கிறேன்” என்று கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். உங்களுக்கு மனப்பாடமான பழைய பாட்டைப் போடுங்கள். குரல் நடுவில் நின்று, சொல் தெளிவாக விழுந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதுவே நல்ல இயர்போன்.