டியூப் மாத்தினா டோன் வந்துருமா?

கிடார் ஆம்ப் வைத்திருக்கும் ஆளிடம் பத்து நிமிஷம் பேசினால் இந்த வாக்கியம் கண்டிப்பாக வந்துவிடும்: "டியூபை மாத்திப் பாருங்க, டோனே வேற மாதிரி ஆயிடும்." நானும் இதை நம்பியவன்தான். நம்பி, புத்தம் புதிய ஒரு ஜோடி இ.எல்.34 டியூப்களின் பிளேட்டை இரண்டே நிமிஷத்தில் செக்கச்செவேல் என்று சிவக்க வைத்தேன். அதற்குப் பிறகுதான் மீட்டரை எடுத்தேன். எடுத்திருக்க வேண்டியது அதற்கு முன்னால்.

கதை பொன்மலையில் ஆரம்பிக்கிறது. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே ஒர்க்‌ஷாப் 1928-ல் இங்கே வந்தபோது கூடவே குவார்ட்டர்ஸ், இன்ஸ்டிட்யூட், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் எல்லாம் வந்தன. எங்கள் லைனில் ஒரு அங்கிள் இருந்தார். பகலில் ஃபிட்டர், டிசம்பர் வந்தால் டான்ஸ் பார்ட்டியில் கிடார். அவர் கிடாரைச் சொருகியது ஃபெண்டரிலோ மார்ஷலிலோ இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் ஒரு ஃபிட்டர் சம்பளத்துக்கு அதெல்லாம் கனவு. கல்யாண வீட்டில் பாட்டுப் போடுகிற மைக் செட் ஆம்ப் ஒன்றைத்தான் வைத்திருந்தார். மைக் செட்காரர்கள் "வால்வு செட்" என்பார்களே, அதேதான். இரண்டு இ.எல்.34, முன்னால் இ.சி.சி.83.

அங்கிள் இப்போது இல்லை. குடும்பம் ஆஸ்திரேலியா போய் ரொம்ப வருஷமாகிறது. போன வருஷம் அவர் மகன் ஊருக்கு வந்தபோது அந்த செட்டை என் கையில் கொடுத்தார். "டாடி வாசிச்ச அந்த சவுண்ட் திரும்ப வரணும், முடியுமா? டிசம்பர்ல எல்லாரும் வர்றாங்க" என்றார். நான் சாஃப்ட்வேர் ஆள். எலெக்ட்ரானிக்ஸ் எனக்குப் பொழுதுபோக்கு. "டியூப் போட்டா சரியாயிடும்ணே" என்று ரொம்ப தைரியமாகச் சொன்னேன்.

புது டியூப் வாங்கினேன், பழையதைக் கழற்றினேன், போட்டேன், ஆன் பண்ணினேன். அறை இருட்டாக இருந்ததால் தப்பித்தேன். ஃபிலமென்ட் ஆரஞ்சாக எரிவது இயல்பு. ஆனால் வெளியே இருக்கும் கறுப்புத் தகடு, அதாவது பிளேட், சிவக்கக் கூடாது. சிவந்தது. உடனே அணைத்தேன்.

என்ன ஆனது? இங்கேதான் பயாஸ் வருகிறது. டியூப் ஒரு குழாய் மாதிரி. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே கரன்ட் ஓடுகிறது. நடுவே இருக்கும் கிரிட்டுக்குக் கொடுக்கும் மைனஸ் வோல்டேஜ் அந்தக் குழாயின் திருகு. மைனஸ் அதிகமானால் கரன்ட் குறையும், மைனஸ் குறைந்தால் கரன்ட் எகிறும். யாரும் வாசிக்காமல் சும்மா இருக்கும்போது எவ்வளவு கரன்ட் ஓட வேண்டும் என்று இந்தத் திருகை வைத்து நிறுத்துவதுதான் பயாஸ் செட்டிங்.

பழைய டியூப்களைத் திரும்பப் போட்டு, இந்த முறை சீரியஸ் பல்ப் வைத்து மெதுவாக ஏற்றி, அளந்தேன். கிரிட்டில் மைனஸ் 29 வோல்ட். பிளேட்டில் 440 வோல்ட். டியூப் ஒன்றுக்கு 36 மில்லி ஆம்பியர். 440-ஐ 0.036-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 16 வாட். இ.எல்.34-ன் பிளேட் தாங்கக்கூடியது 25 வாட். இந்த மாதிரி புஷ்-புல் ஆம்ப்களில் அதில் 70 சதவீதம், அதாவது 17.5 வாட்டுக்குள் வைப்பது பொதுவான வழக்கம். ஆக, பழைய டியூப்கள் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. அதே மைனஸ் 29-ல் புது டியூப் 65-க்கு மேல் இழுத்தது. பெருக்கிப் பாருங்கள், 28 வாட்டைத் தாண்டுகிறது. சிவக்காமல் என்ன செய்யும்?

டியூப் வயதாக ஆக கேத்தோடு களைத்துப்போகிறது. அதே கிரிட் வோல்டேஜில் கரன்ட் குறைகிறது, சத்தம் மெலிகிறது. அதை ஈடுகட்ட அங்கிள் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே வந்திருக்கிறார். இது என் ஊகம் இல்லை. சேசிஸைக் கவிழ்த்துப் பார்த்தபோது பயாஸ் பாட் பக்கத்தில் பென்சிலால் நாலு கோடு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் வருஷம். களைத்துப்போன டியூபுக்கு வைத்த கடைசிக் கோட்டில் நான் புது டியூபைச் சொருகியிருக்கிறேன். கவிழ்த்துப் பார்த்திருந்தால் ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கும்.

இனி அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். "டியூப் மாத்தினா டோன் மாறும்" என்பது பொய் இல்லை. மூன்று வேறு வேறு விஷயங்களை அது ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது, அதுதான் என் குறை.

முதலாவது, டியூபின் வகை. இது நிஜமாகவே மாற்றும். பெரிய உதாரணம் மார்ஷல். 1962-ல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான முதல் ஆம்ப், ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்ததுதான். பாஸ்மேனின் முதல் டியூப் 12 ஏ.ஒய்.7, அதன் பெருக்கக் காரணி சுமார் 44. மார்ஷல் போட்டது இ.சி.சி.83, அதற்கு 100. உடையும் ஒலி சீக்கிரமே வந்துவிடும். பவர் டியூபிலும் அமெரிக்க வகையில் ஆரம்பித்து கே.டி.66-க்குப் போய், அப்புறம் இ.எல்.34-ல் வந்து நின்றார்கள். பிரிட்டனில் எது எளிதாக, மலிவாகக் கிடைத்ததோ அதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு. நாம் இன்று "பிரிட்டிஷ் டோன்" என்று சிலாகிப்பதில் பாதி, சரக்கு வாங்குகிறவர் எடுத்த முடிவு!

இரண்டாவது, பயாஸ். இதுவும் மாற்றும். கரன்ட் ரொம்பக் குறைவாக இருந்தால், ஒரு டியூபிடமிருந்து இன்னொன்று வேலையை வாங்குகிற இடத்தில் அலை நொண்டும். மெதுவாக வாசிக்கும்போது ஒரு சொரசொரப்பு கேட்கும். கூட்டினால் ஒலி தடிக்கும், சீக்கிரம் உடையும், டியூபின் ஆயுளும் சீக்கிரம் முடியும்.

நம் ஊரில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. என் வீட்டில் சாயங்காலம் 230 வோல்ட், ராத்திரி பதினொன்றுக்கு மேல் 246. பிளேட், ஸ்கிரீன், பயாஸ் எல்லாமே அதே விகிதத்தில் ஏறும் என்று வைத்தாலும், டியூபில் கரன்ட் வோல்டேஜின் ஒன்றரை மடிப் படி ஏறுவதால், பிளேட்டில் விழும் வாட் சுமார் 18 சதவீதம் கூடுகிறது. 17.5 வாட்டில் வைத்தது 20 வாட்டைத் தாண்டிவிடும். "ராத்திரி வாசிச்சா ஆம்ப் தனி சொகம்" என்று சொல்பவர்களை இனிமேல் கிண்டல் பண்ண மாட்டேன். ராத்திரி அமைதியும் ஒரு காரணமாக இருக்கலாம், ஈபி வோல்டேஜும் ஒரு காரணம்.

மூன்றாவது, பிராண்ட். எல்லோரும் சண்டை போடுவதும் காசு கொட்டுவதும் இங்கேதான். என் அனுபவத்தில் மிகச் சின்ன வித்தியாசமும் இங்கேதான்.

வீட்டில் சோதித்துப் பார்த்தேன். மூன்று இ.சி.சி.83. ஒன்று பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸின் பழைய டியூப் (1961-லிருந்து அவர்கள் ரேடியோ வால்வுகள் தயாரித்தார்கள்), ஒன்று ஸ்லோவாக்கியா, ஒன்று ரஷ்யா. ஒரே வாசிப்பைப் பதிவு செய்து, அதையே மூன்றின் வழியாகவும் ஓட்டினேன். முதல் சுற்றில் நானும் என் பையனும் ரஷ்ய டியூபைத்தான் "சூப்பர்" என்றோம். அளந்தால் அது மற்றதைவிட ஒன்றரை டெசிபல் சத்தம் கூட. சத்தம் கூடினால் காது அதை "நல்லா இருக்கு" என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஒலி அளவைச் சமன் செய்துவிட்டு, எது எது என்று தெரியாமல் பெங்களூரையும் ரஷ்யாவையும் மட்டும் கேட்டுப் பார்த்தேன். பத்தில் ஆறு சரி. காசைச் சுண்டினாலே அந்த அளவு வரும். இது ஒரு வீட்டில், ஒரு ஆம்பில், இரண்டு ஜோடிக் காதில் செய்தது. பெரிய ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த அளவுகூடச் செய்யாமல் "வெல்வெட் மாதிரி மிட்ஸ்" என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களைக் கேள்வி கேட்க இது போதும்.

இன்னொரு விஷயம். இன்று சோவ்டெக், எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், டங்-சோல், மல்லார்ட் என்று பல பெயர்களில் விற்கும் புது டியூப்கள் ரஷ்யாவில் சராத்தோவ் நகரின் ஒரே தொழிற்சாலையிலிருந்து வருபவை. பழைய மல்லார்ட் இங்கிலாந்துக் கம்பெனி, இப்போது பெயர் மட்டும்தான் மிச்சம். உள்ளே வடிவமைப்பில் வித்தியாசம் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பெயரைப் பார்த்து "பழைய இங்கிலீஷ் நாதம்" என்று உருகுவதற்கு முன்னால் இதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். "காது கேட்கிறதை மீட்டர் காட்டாது" என்பார்கள். சரிதான். மல்டிமீட்டர் டோனை அளக்காது. தட்டினால் மணி மாதிரி கிணுங்குகிற டியூபைக் காதுதான் முதலில் கண்டுபிடிக்கும். ஆனால் ஒர்க்‌ஷாப் ஊரில் வளர்ந்தவனுக்கு இதில் குழப்பம் வராது. ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சின்களை இன்றும் பொன்மலையில்தான் பழுது பார்க்கிறார்கள். அங்கே எஞ்சின் சத்தத்தை வைத்தே குறை சொல்கிற கைகாரர்கள் உண்டு. அதற்காக யாரும் பாய்லருக்குக் காதை வைத்து அழுத்தம் பார்ப்பதில்லை, கேஜைப் பார்க்கிறார்கள். முதலில் அளவு, அப்புறம் காது.

சரி, அண்ணன் கேட்ட சவுண்ட் என்ன ஆச்சு?

புது டியூப்களில் ஒன்று பிழைக்கவில்லை. இன்னொரு ஜோடி வாங்கி, மைனஸ் 36 வோல்ட் பக்கம் நிறுத்தி, 38 மில்லி ஆம்பியரில் வைத்தேன். சுத்தமாக, பலமாகப் பாடியது. ரெக்கார்டு பண்ணி அனுப்பினேன். "நல்லா இருக்கு தம்பி, ஆனா டாடி சவுண்ட் இது இல்ல" என்றார். பயாஸைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி அனுப்பினேன். அதே பதில்.

கடைசியில் வீட்டுப் பரணில் கிடந்த அங்கிளின் ஸ்பீக்கர் பெட்டியை வாங்கி வந்தேன். 12 இன்ச், கூம்பு ஒரு பக்கம் லேசாகக் கிழிந்து, ஃபெவிகால் வைத்து ஒட்டியிருந்தார். நான் சோதனைக்கு வைத்திருந்த ஸ்பீக்கரை எடுத்துவிட்டு அதை மாட்டினேன். எதையும் சமன் செய்ய வேண்டியிருக்கவில்லை, கண்ணைக் கட்டவும் வேண்டியிருக்கவில்லை. சமையலறையிலிருந்து அம்மா, "இது அந்த வீட்டு கிடார் சத்தமாச்சே" என்றார். பதிவைக் கேட்ட அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதவில்லை. அப்புறம், "இதுதான்" என்று ஒரே வார்த்தை.

அதிலும் முழுசாக அந்த ஒலி வரவில்லை, வராது. இன்ஸ்டிட்யூட் ஹால், மரத் தரையில் ஆடுகிற கால்கள், அங்கிளின் விரல் எல்லாம் அதில் உண்டு. ஆனால் என் விமர்சனம் இதுதான். டோனைத் தேடிப் போகும்போது, கழற்றி மாட்ட ஈஸியாக இருக்கிறது என்பதற்காகவே டியூபிலிருந்து ஆரம்பிக்கிறோம். அதிகம் மாற்றுவது ஸ்பீக்கர், அப்புறம் டியூபின் வகையும் பயாஸும், கடைசியில்தான் பிராண்ட். காசை இதே வரிசையில் செலவு பண்ணுங்கள்.

முயற்சி செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், ஆளையே கொல்லும். டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். பழக்கம் இல்லையென்றால் பழைய ரேடியோ மெக்கானிக் யாரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டை மூடுவதற்கு முன்னால் அங்கிளின் நாலு கோட்டுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒன்று போட்டு வருஷமும் மில்லி ஆம்பியரும் எழுதி வைத்தேன். அடுத்து கவிழ்த்துப் பார்க்கப்போகிறவருக்கு உதவும்.