குளம் வெட்டுமுன்

சின்னக் குளம், பறவைக்குத் தீனித் தட்டு, பட்டாம்பூச்சிக்குப் பூச்செடி. பள்ளி வளாகத்தில் உயிரினங்களை வரவழைத்துப் பாடம் நடத்த இவை போதும் என்பது இந்தியப் பெருநிலத்தில் உருவான சூத்திரம். அந்தமானில் அதை அப்படியே பின்பற்றினால், யார் வந்து குடியேறுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

குளத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடியது இந்தியப் பெருந்தவளை. மீன்குஞ்சுகளோடு கலந்து தீவுக்குள் பரவிய இனம். தவளை, பல்லி என்று வாய்க்குள் அடங்குவதையெல்லாம் விழுங்கும். அதன் தலைப்பிரட்டைகூட மற்றத் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்னும். காய்கறிப் பாத்திக்கு வருவது இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஆண்ட காலத்தில் வந்திறங்கிய ஆப்பிரிக்க ராட்சத நத்தை. தீனித் தட்டுக்கு மைனா. அதுவும் கொண்டுவந்து விட்டதுதான். நல்லெண்ணத்தில் போட்ட தோட்டம் அயல் இனங்களுக்குப் பந்தி விரிக்கிறது.

அதற்காகத் தோட்டமே வேண்டாம் என்பவனல்ல நான். தமிழ், வங்காளம், தெலுங்கு, சோட்டா நாக்பூரிலிருந்து வந்த ராஞ்சி என்று பல வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிப்பது அந்தமான் வகுப்பு. அவர்களின் பாடப் புத்தகத்துப் புலி தீவில் கிடையாது. யானையும் மரம் இழுக்கக் கொண்டுவந்ததே. ஆனால் பள்ளிக்கூடத்து வாழைமரத்தில் அந்தமான் பசும்பல்லி பட்டப்பகலில் ஏறி இறங்கும். கிளிப்பச்சை உடம்பு, முதுகில் சிவப்புப் புள்ளிகள். பூச்சி பிடிக்கும், பூந்தேனும் நக்கும். இதன் சொந்தங்களெல்லாம் மடகாஸ்கர் பக்கம் இருக்க, இது மட்டும் இங்கே எப்படி என்று கேட்டாலே ஒரு வாரப் பாடம் ஓடும். இந்த வகையில் தெற்கு அந்தமானின் வண்டூரில் இயங்கும் ஆனெட், கல்பவிருட்சம் ஆகிய சுற்றுச்சூழல் அமைப்புகள் சேர்ந்து தீவு ஆசிரியர்களுக்கென்றே கையேடு கொண்டுவந்தது சரியான தொடக்கம். ஆனால் கையேடு தானாகப் பாடம் நடத்தாது. ஆர்வமுள்ள ஆசிரியருக்கு வேறு தீவுக்கு மாற்றல் வந்தால் தோட்டம் புதராகிவிடும்.

தண்ணீர் இன்னொரு சிக்கல். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்தும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறட்சிதான். குடிநீரையே முறைவைத்து விடும் நாளில் செடிக்கு யார் ஊற்றுவது? இலைக்குப்பையைக் கூட்டாமல் விட்டால் பூரான் வரும் என்று பெற்றோர் அஞ்சுவதும் நியாயமே. அந்தமான் பூரானிடம் கடிபட்டவர் அதை லேசில் மறக்க மாட்டார்.

ஆகவே கட்டுமானம் குறைவாக இருப்பதே நல்லது. வேலியோரம் தாழையும் மண்ணின் மரங்களும் போதும். நத்தை பொறுக்குவதையே, கையுறையோடு, பாடமாக்கலாம். குளம் வேண்டுமென்றால் ஒரு நிபந்தனை. முதல் மழையில் ஆண் பெருந்தவளை மஞ்சளாக மாறி, நீலத் தொண்டைப் பைகள் உப்பக் கத்தும். அதை அடையாளம் கண்டு, முட்டையும் தலைப்பிரட்டையுமாக அகற்றத் தெரிந்த ஆசிரியர் இருக்கும் பள்ளி மட்டும் வெட்டட்டும்.